ஓடினால் போதுமா?

இளம் அறிவியல் (கணினி அறிவியல்), மூன்றாம் ஆண்டு

"ஓடுதா? ஓடுது. அப்புறம் என்ன?"

எங்கள் கணிப்பொறி ஆய்வகத்தில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும் வாசகம் இது. எழுதிய நிரல் ஓடிவிட்டால் போதும். அமைத்த இணையதளம் திரையில் தெரிந்துவிட்டால் போதும். அதற்கு மேல் இலக்கணம் எதற்கு, தரம் எதற்கு என்பது எங்களிடையே நிலவும் கருத்து. நானும் இரண்டு ஆண்டுகள் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். அந்தக் கருத்தை நான் எப்படிக் கைவிட்டேன் என்பதையே இங்கே சொல்ல விழைகிறேன்.

முதலில் தரம் என்றால் என்ன என்று பார்ப்போம். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாய் வந்து இறங்குவதை நம்மில் பலர் சிறு வயது முதல் பார்த்திருக்கிறோம். என் தாத்தா பழைய காலத்துக் கதை சொல்வார். அவர் இளமையில் ஓர் ஊர் மரக்கால் இன்னோர் ஊர் மரக்காலுக்குச் சமமாக இராதாம். ஆகவே விற்பவன் கையில் ஓர் அளவு, வாங்குபவன் கையில் ஓர் அளவு, நடுவிலே வாய்ச்சண்டை. 1956இல் எடை அளவுச் சட்டம் வந்தது. 1958 முதல் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இன்று செஞ்சியில் நிறுத்த ஒரு குவிண்டால் மும்பையிலும் ஒரு குவிண்டால்தான். முன்பின் தெரியாத இருவர் ஒருவரையொருவர் நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு இடையில் நிற்கும் உடன்பாடே தரம்.

வலைக்கும் அப்படி ஓர் உடன்பாடு உண்டு. டிம் பெர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேய அறிஞர் 1989இல் ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலைக்கான கருத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரலில் செர்ன் அதைக் கட்டணமின்றி உலகத்தாருக்கு வழங்கிவிட்டது. 1994இல் பெர்னர்ஸ் லீ உலகளாவிய வலை அமைப்பைத் தொடங்கினார். தலைப்பை எந்தக் குறியால் காட்டுவது, பத்தியை எதனால் காட்டுவது, படத்துக்கு விளக்கம் எங்கே எழுதுவது என்பவற்றையெல்லாம் வரையறுத்து வந்தது அந்த அமைப்பு. பக்கத்தை எழுதுபவனும், அதைப் படித்துக் காட்டும் உலாவியும் ஒரே பொருளில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

இவற்றையெல்லாம் தேர்வுக்குப் படித்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் நம்பவில்லை.

இரண்டாம் ஆண்டு விடுமுறையில் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தேன். மூவாயிரம் ரூபாய் கிடைத்தது. வீட்டில் பெருமை, எனக்கோ தலைகால் புரியவில்லை. என் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரிபார்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார். போட்டேன். எழுபத்து நான்கு பிழைகள் என்றது கருவி. "ஆனாலும் ஓடுகிறதே, ஐயா!" என்றேன். அவர் சிரித்தார், மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

என் வாதத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. உலாவிகள் மிகவும் பெருந்தன்மை உடையவை. நாம் ஒரு குறியை மூட மறந்தால் அவையே மூடிக்கொள்ளும். தவறாக அடுக்கினால் அவையே சரிசெய்துகொள்ளும். பிழையான பக்கத்தை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கும் தர ஆவணத்திலேயே விதி உண்டு. பெரிய பெரிய நிறுவனங்களின் பக்கங்களைச் சோதித்தாலும் பிழைகள் வரத்தான் செய்கின்றன. கடைக்காரர் கேட்டதோ சேலைப் படம், விலை, தொலைபேசி எண் ஆகிய மூன்றும்தான். பிழை எத்தனை என்று அவர் கேட்கவே இல்லை. எனவே தரம் என்பது ஏட்டுச் சுரைக்காய் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவு அடுத்த மூன்று மாதத்தில் உடைந்தது.

எங்கள் வட்டாரத்தில் போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி நடத்தும் குழு ஒன்று உண்டு. அரசுப் பணிக்கான தொகுதி நான்கு தேர்வுக்கு வகுப்புத் தொடங்கப் போவதாகவும், முதலில் பதிவு செய்யும் அறுபது பேருக்கே இடம் என்றும் அறிவித்தார்கள். பதிவுப் படிவத்தை இணையத்தில் அமைத்துத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. பணம் இல்லை, ஊருக்குச் செய்யும் தொண்டு. இரண்டே இரவுகளில் முடித்துவிட்டேன். நீல நிறத்தில் பளபளக்கும் பொத்தான், படத்தின் மேல் மிதக்கும் எழுத்து, தேதி தேர்ந்தெடுக்க அழகான சிறு நாட்காட்டி எல்லாம் வைத்திருந்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். இடங்கள் ஒரே நாளில் நிரம்பிவிட்டன. படிவம் ஓடியது, நன்றாகவே ஓடியது.

மறுநாள் காலை எங்கள் தெரு அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டு வயதில் பார்வையை இழந்தவர். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவர். பழைய மடிக்கணினி ஒன்றைத் தானே இயக்கிப் படிப்பவர். திண்ணையில் உட்கார்ந்தவர், "தம்பி, அந்தப் படிவம் நீ செஞ்சதுதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், பாராட்டப் போகிறார் என்ற எண்ணத்தில். "ராத்திரி பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் முயன்று பார்த்தேன்பா. என்னால நிரப்ப முடியல" என்றார்.

எனக்கு நெஞ்சு திக்கென்றது. இடம் அதற்குள் நிரம்பிவிட்டது என்பதை அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "அண்ணே, ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடி வந்திருப்பேனே! நானே நிரப்பித் தந்திருப்பேனே!" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "அதுக்குத்தான் தம்பி கூப்பிடல. ஒவ்வொரு படிவத்துக்கும் ஒருத்தரைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, நாளைக்கு நான் ஆபீசுல உக்காந்து அடுத்தவங்க படிவத்தை எப்படிப் பாக்கறது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். என் படிவத்தைத் திறக்கச் சொன்னேன். அவர் பயன்படுத்துவது என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கி, உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும்படி செய்தது அது. திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும். அண்ணன் விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டித் தட்டி நகர்ந்தார். குரல் சொன்னது: "எடிட்." மறுபடி தட்டினார். "எடிட்." மறுபடியும் "எடிட்." ஆறு கட்டங்களுக்கும் அதே ஒரு சொல்! எது பெயர், எது பிறந்த தேதி, எது கைபேசி எண் என்று அந்தக் குரலுக்குத் தெரியவில்லை. கட்டத்துக்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்த பெயர்கள் கண்ணுக்கு மட்டுமே அருகில் இருந்தன. நிரலில் அவற்றுக்கும் கட்டத்துக்கும் எந்த உறவும் இல்லை. லேபிள் என்ற குறியால் இரண்டையும் இணைக்க வேண்டும் என்று படித்திருந்தேன். இணைக்கவில்லை.

என் பெருமைக்குரிய நீலப் பொத்தானுக்குக் குரல் போய்ச் சேரவே இல்லை. காரணம், அது பொத்தானே அன்று. பொத்தான் போல வண்ணம் பூசிய வெறும் கட்டம். சுட்டியால் அழுத்துபவருக்கு மட்டும் அது பொத்தான். போதாக்குறைக்கு, பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலின் தலைப்பகுதியில் எழுதியிருந்தது. யாரோ செய்த மாதிரியை அப்படியே நகலெடுத்ததன் பலன். ஆகவே தமிழ்ச் சொற்களை ஆங்கிலக் குரல் கையில் வாங்கித் தடுமாறிக்கொண்டிருந்தது. மூன்று மணி நேரம் ஒரு மனிதர் இருட்டில் தடவித் தடவி என் பக்கத்தில் வாசல் தேடியிருக்கிறார். நம் செஞ்சிக் கோட்டையின் மதிலும் அகழியும் பகைவர் நுழையாதிருக்கக் கட்டியவை. நான் கட்டியதோ எல்லாரும் நுழைவதற்கான பதிவுப் பக்கம்!

திருத்த எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு லேபிள்கள், ஓர் உண்மையான பொத்தான், மொழி தமிழ் என்று காட்டும் இரண்டு எழுத்துக்கள். நாட்காட்டியை எடுத்துவிட்டுத் தேதியைத் தட்டச்சு செய்யும்படி வைத்தேன். அவ்வளவுதான். அண்ணன் மறுபடி தட்டினார். "பெயர்" என்றது குரல், தமிழில். அவர் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த ஆண்டு வகுப்பில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அறுபதுக்கு மேல் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னபோது அவரே வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

பேராசிரியரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். அப்போது அவர் ஒரு வேலை கொடுத்தார். பழைய படிவத்தையும் அந்தச் சரிபார்ப்புக் கருவியில் போட்டு, அண்ணனைத் தடுத்த குறைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். பார்த்தேன். வியப்பாக இருந்தது. பல பிழைகளைக் காட்டிய கருவி, போலிப் பொத்தானைப் பிழை என்று காட்டவில்லை. லேபிள் இல்லாததையும் காட்டவில்லை! ஏனெனில் அவை எழுத்துப்படி இலக்கணப் பிழைகள் அல்ல. ஒரு வாக்கியம் இலக்கணச் சுத்தமாக இருந்தும் பொருளில்லாமல் இருக்கக்கூடும் அல்லவா? அதைப் போலத்தான். "பிழை பூச்சியம் என்று சான்றிதழ் வாங்குவதற்கா தரம்? படிக்க வருபவனுக்காகத் தரம். அவனை மறந்துவிட்டு விதியை மட்டும் பிடித்துக்கொண்டாலும் தவறு, விதியே வேண்டாம் என்றாலும் தவறு" என்றார் அவர்.

தேடிப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஊனமுற்றோரும் பயன்படுத்தும்படி பக்கங்கள் அமைவதற்கென்றே தனியான நெறிகளை அதே வலை அமைப்பு 1999இல் வெளியிட்டது. 2008இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. நம் நாட்டிலும் அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009இல் வந்தன. 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் இந்தப் பாடத்தை முன்பே கற்றுக்கொண்டவர்களும் உண்டு. சிட்னி ஒலிம்பிக் போட்டிக்கான இணையதளத்தைத் தம்மால் படிக்க முடியவில்லை என்று புரூஸ் மகுவயர் என்ற பார்வையற்றவர் 1999இல் முறையிட்டார். திருத்தப் பெரும் பொருட்செலவாகும் என்று போட்டிக் குழு வாதாடியது, வாதம் எடுபடவில்லை. 2000ஆம் ஆண்டில் அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தரும்படி ஆணை பிறந்தது.

இது பார்வையற்றோர் சிக்கல் மட்டும்தானே, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்களுக்கு அண்ணன் காட்டிய இன்னொன்றைச் சொல்கிறேன்.

உள்ளூர் வரலாறு பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தட்டச்சு செய்து வைத்த கட்டுரைக் கோப்பு ஒன்று அவரிடம் இருந்தது. வரலாறு படித்தவராயிற்றே, ஆசையோடு வாங்கியிருக்கிறார். திறந்தால் குரல் ஆங்கில எழுத்துக்களையும் அரைப்புள்ளிகளையும் கொட்டியது. நான் திரையைப் பார்த்தேன். கண்ணுள்ள எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அது பாமினி என்ற எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அக்கோப்பு வெறும் குப்பை. அந்த முறையில் 'அம்மா' என்று கண்ணுக்குத் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். தமிழ் என்பது மேலே பூசிய பூச்சு. உள்ளே இருப்பது வேறு. என் நீலப் பொத்தானின் கதையேதான்!

ஒரு காலத்தில் தமிழ் இணையம் முழுதும் இப்படித்தான் இருந்தது. ஆளுக்கோர் எழுத்துரு, இதழுக்கோர் குறியீடு. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அவருடைய எழுத்துருவையும் இறக்கிக்கொள்ள வேண்டும். "ஓடுகிறதே" என்றுதான் அன்றும் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாடு கூட்டினார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் வழியே டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக ஏற்கப்பட்டன. பின்னர் 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. ஒருங்குறியில் தமிழ் எழுத்துக்களுக்கெனத் தனி எண்கள் உண்டு. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்தது. இன்று நாம் கைபேசியில் தமிழில் எழுதி, அது துபாயில் உள்ள உறவினர் கையில் தமிழாகவே போய்ச் சேருகிறது என்றால், எத்தனையோ பேர் உட்கார்ந்து வாதாடி உருவாக்கிய அந்த உடன்பாடே காரணம்.

அந்தக் கோப்பை மாற்றிக்கொடுத்த அன்று அண்ணன் திருநாதர்குன்றைப் பற்றிப் பேசினார். செஞ்சிக்கு அருகே, இருபத்து நான்கு தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய பாறை இருக்கிறதே, அந்தக் குன்று. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தி அங்கே கல்லில் இருக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முற்பட்டது. எழுத்தறிந்தவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். "அதை வெட்டினவன் தனக்கு மட்டும் புரியற எழுத்துல வெட்டியிருந்தா நமக்குக் கிடைச்சிருக்குமா தம்பி?" என்றார் அண்ணன். இருபது ஆண்டுக்கு முன் தட்டச்சு செய்த கோப்பு நமக்குக் கிடைக்கவில்லை என்பதை நான் எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே, நண்பர்களே, இணையதளம் அமைக்கும்போது தரம் தேவையா என்று இன்று யாரேனும் என்னைக் கேட்டால், தேவை என்பேன். ஆனால் எல்லா விதியும் ஒரே எடை உள்ளவை அல்ல என்றும் சேர்த்துச் சொல்வேன். ஒரு குறியை மூட மறந்ததால் யாரும் அழப்போவதில்லை, உலாவி பார்த்துக்கொள்ளும். ஆனால் தமிழை ஒருங்குறியில் எழுதுவது, பக்கத்தின் மொழியைச் சொல்வது, படத்துக்கு விளக்கம் தருவது, கட்டத்தையும் அதன் பெயரையும் இணைப்பது, பொத்தானைப் பொத்தானாகவே வைப்பது, சுட்டி இல்லாமல் விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை இயக்கிப் பார்ப்பது ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. ஒரே உலாவியை நம்பியும் இருக்கக் கூடாது. இன்ன உலாவியில் மட்டும் பார்க்கவும் என்று எழுதி வைத்த தளங்கள் ஒரு காலத்தில் எத்தனையோ. அவை நம்பியிருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனமே விடை கொடுத்துவிட்டது. 2025 ஜூலையில் நம் செஞ்சிக் கோட்டை மராட்டியர் கால இராணுவ நிலவமைப்பின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. இனி நம் ஊரைப் பற்றி நாம் எழுதும் பக்கத்தை எந்த நாட்டவர் எந்தக் கருவியில் திறப்பார் என்று நம்மால் சொல்ல முடியாது. நம் எதிரில் இல்லாத அவருக்கும் நமக்கும் இடையே உள்ள பாலம் தரம் ஒன்றே.

இறுதியாக, மலர்க் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆண்டு மலரின் மின்படியிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகவே வருகிறது. அச்சில் அழகாக இருக்கிறது. ஆனால் அண்ணனைப் போன்றவர்கள் படிக்க இயலாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்குறி எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது. இந்த ஆண்டு முதலாவது அதில் கோத்து அச்சிடுவோமா?

ஆறு மாதம் கழித்து அந்தக் குழு அடுத்த வகுப்பை அறிவித்தது. திருத்திய படிவத்தையே வைத்தோம். பதிவுப் பட்டியலை மறுநாள் காலை எடுத்துப் பார்த்தேன். நான்காவது பெயர் அண்ணனுடையது. இரவு ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பதிவாகியிருந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை.